ஆர்.ஓ. தண்ணீர், வீட்டுச் சாப்பாடு, பூச்சி மாத்திரை... பிறகும் வயிற்றில் பூச்சி எப்படி வருகிறது?

கேள்வி இதுதான்: ஆர்.ஓ. தண்ணீர்தான் குடிக்கிறோம், வெளியே சாப்பிடுவது மாதத்துக்கு ஒருமுறை இருந்தால் அதிகம், ஆறு மாதத்துக்கு ஒரு தடவை பூச்சி மாத்திரையும் கொடுக்கிறோம். ஆனாலும் ஆறு வயதுப் பையன் ராத்திரியானால் ஆசனவாயைச் சொறிகிறான், தூக்கத்தில் பல்லை நறநறவென்று கடிக்கிறான், கன்னத்தில் வெள்ளையாகத் தேமல் வேறு. இனிப்பு அதிகம் தின்பதாலா, தண்ணீராலா, கீரையாலா?

முதலில் இனிப்பை விடுதலை செய்துவிடலாம். சர்க்கரையிலிருந்து எந்தப் புழுவும் பிறப்பதில்லை. கீழே விழுந்த மிட்டாயை எடுத்து வாயில் போட்டால் பூச்சி வரலாம். அதற்குப் பொறுப்பு தரையிலிருந்து ஒட்டிய மண்தான். பல் கடிப்பது பூச்சிக்கு அத்தாட்சி இல்லை, பூச்சியே இல்லாத எத்தனையோ குழந்தைகள் கடிக்கிறார்கள். கன்னத்துத் தேமல் பெரும்பாலும் தோல் வறட்சியோடு சேர்ந்து வருவது, அதற்காகப் பூச்சி மாத்திரை கொடுப்பது வீண். மூன்றில் கவனிக்க வேண்டியது ஒன்றுதான்: ராத்திரி அரிப்பு.

எங்கிருந்து வருகிறது என்பதற்கு பெரும்பாலான குடல் ஒட்டுண்ணிகளுக்கும் சேர்த்து ஒரு வரியில் பதில் சொல்லலாம். ஒருவருடைய மலத்தில் இருப்பது இன்னொருவரின் வாய்க்குள் போகிறது, கொக்கிப்புழுவானால் பாதத்துத் தோல் வழியாகப் போகிறது. ஆனால் அந்த ஒரு வரியை வைத்துக்கொண்டு வீட்டில் எதையும் தடுக்க முடியாது. உடம்பை விட்டு வெளியே வந்தபின் அது தொற்றும் நிலைக்கு வர எவ்வளவு நேரம் ஆகிறது, அந்த நேரத்தை எங்கே கழிக்கிறது என்று பார்க்க வேண்டும். கீரிப்பூச்சி முட்டைக்கு ஆறு மணி நேரம் போதும். கொக்கிப்புழுவுக்கு ஒரு வாரம் போல வேண்டும். உருளைப்புழு முட்டைக்கு இரண்டு மூன்று வாரமாவது மண்ணில் கிடந்தாக வேண்டும். ஜியார்டியா, அமீபா என்ற ஒற்றைச் செல் உயிரிகள் இரண்டும் வெளியே வந்த கணமே தயார். வேகமானவை வீட்டுக்குள்ளேயே கைக்குக் கை பரவுகின்றன. மெதுவானவை மண், வயல், கீரை என்று ஊரைச் சுற்றி வருகின்றன. எந்தப் புழு என்று தெரியாமல் ஆர்.ஓ. வாங்குவது, திருடன் கொல்லைப்பக்கம் வரும்போது வாசல் கதவுக்குப் பூட்டு வாங்குவது போல.

உங்கள் பையனுக்கு இருப்பது அநேகமாகக் கீரிப்பூச்சி. சில ஊர்களில் கீரைப்பூச்சி என்பார்கள், அந்தப் பெயரைக் கேட்டுக் கீரையைச் சந்தேகிக்க வேண்டாம். வெள்ளை நூல்துண்டு மாதிரி, பெண் புழு ஒரு சென்டிமீட்டர் நீளம் இருக்கும். பெருங்குடலில் இருக்கும் பெண் புழு, குழந்தை தூங்கியபின் ஆசனவாய்க்கு வெளியே வந்து சுற்றியுள்ள தோலில் ஏறக்குறைய 10,000 முட்டை இடுகிறது. அரிப்பு அதனால்தான். குழந்தை தூக்கத்தில் சொறிகிறான், முட்டை நகத்துக்கடியில் சேர்கிறது. பத்து மணிக்கு இட்ட முட்டை விடியற்காலை நான்கு மணிக்குத் தொற்றத் தயார். எழுந்தவுடன் விரல் வாய்க்குப் போனால் சுற்று முடிந்தது. இதில் தண்ணீருக்கும் ஹோட்டலுக்கும் வேலையே இல்லை. முட்டைகள் மெத்தை, தலையணை உறை, பொம்மை, கதவுக் கைப்பிடி எங்கும் ஒட்டி இரண்டு வாரம் வரை உயிரோடு இருக்கும். படுக்கைவிரிப்பை உதறினால் தூசியோடு பறந்து வாய்க்குள் போகக்கூடிய அளவு சின்னவை.

உறுதி செய்ய இரண்டு வழி. குழந்தை தூங்கி இரண்டு மூன்று மணி நேரம் கழித்து டார்ச் அடித்து ஆசனவாயைச் சுற்றிப் பாருங்கள், நெளியும் வெள்ளை நூல் தெரிந்தால் வேறு சோதனை வேண்டாம். இல்லையென்றால் காலை எழுந்தவுடன், கழுவுவதற்கும் குளிப்பதற்கும் முன்னால், கண்ணாடி போன்ற செல்லோ டேப்பின் பசைப்பக்கத்தை ஆசனவாயைச் சுற்றி அழுத்தி எடுத்து, ஆய்வகத்தில் கொடுத்த கண்ணாடித் தகட்டில் ஒட்டிக் கொடுக்க வேண்டும். மூன்று நாள் தொடர்ந்து எடுத்தால்தான் நம்பலாம். மலச் சோதனையில் இந்தப் புழு பெரும்பாலும் தப்பிவிடும், ஏனென்றால் முட்டை மலத்தில் இல்லை, தோலில் இருக்கிறது. ‘மோஷன் டெஸ்ட் நார்மல்’ என்று சீட்டு வந்ததால் பூச்சி இல்லை என்று முடிவுகட்டும் தவறு இங்கேதான் அதிகம் நடக்கிறது.

மாத்திரை ஏன் வேலை செய்யவில்லை என்பதற்கும் காரணம் இதிலேயே இருக்கிறது. அல்பெண்டசோல் புழுவைக் கொல்லும், முட்டையை அவ்வளவாகத் தொடாது. இன்று கொன்றபின் மெத்தையில் மிச்சமிருக்கும் முட்டை நாளை வாய்க்குப் போய் மறுபடி வளரும். அதனால் ஒரு தடவை கொடுத்து, சரியாக இரண்டு வாரம் கழித்து இன்னொரு தடவை கொடுக்க வேண்டும். அதுவும் பையனுக்கு மட்டுமில்லை, வீட்டில் இருக்கும் எல்லோருக்கும் ஒரே நாளில். (கர்ப்பிணி, ஒரு வயதுக்குக் குறைந்த குழந்தை, வலிப்பு உள்ளவர் மட்டும் மருத்துவரைக் கேட்காமல் விழுங்கக்கூடாது.) மாத்திரை விழுங்கிய மறுநாள் காலை எல்லோரும் குளித்து உள்ளாடை மாற்றிக்கொள்ள வேண்டும். தொட்டியில் உட்கார்ந்து குளிப்பதைவிடத் தண்ணீரை மொண்டு ஊற்றிக் குளிப்பது நல்லது. படுக்கைவிரிப்பை உதறாமல் சுருட்டி எடுத்துச் சுடுதண்ணீரில் போட்டுத் துவைத்து வெயிலில் காயப்போடுங்கள். அந்த இரண்டு வாரமும் தரையைப் பெருக்குவதைவிட ஈரத்துணியால் துடைப்பது நல்லது. நகத்தை ஒட்ட வெட்டி, ராத்திரி இறுக்கமான ஜட்டி போட்டுப் படுக்க வையுங்கள். இவ்வளவும் செய்தபிறகு ஒரு மாதத்தில் திரும்பி வந்தால் பள்ளியில் பக்கத்து பெஞ்சு என்று வைத்துக்கொள்ளலாம். யாரையும் குறை சொல்ல முடியாது, இது சுத்தமான வீட்டிலும் வருகிற பூச்சிதான்.

இனி மெதுவாக வருபவை. உருளைப்புழுவை ஊரில் நாக்குப்பூச்சி என்பார்கள், பார்க்க மண்புழு மாதிரி, பெண் புழு ஒரு அடி வரை வளரும். ஒரு நாளைக்கு இரண்டு லட்சம் முட்டை இடும். ஆனால் புதிதாக வந்த முட்டையை விழுங்கினாலும் ஒன்றும் ஆகாது. ஈரமான, நிழலான மண்ணில் கிடந்து உள்ளே குட்டிப்புழு வளர்ந்தால்தான் தொற்றும். ஆகவே இது ஒரு வீட்டுக்குள் ஒருவரிடமிருந்து இன்னொருவருக்கு நேராகத் தாவுவதில்லை. திறந்தவெளி மலம், செப்டிக் டேங்க் லாரி கொட்டிய கழிவு, சாக்கடைத் தண்ணீர் பாயும் தோட்டம், இவற்றின் மண்தான் அதற்கு இடைத்தங்கல். முட்டையின் வெளித்தோடு பசை போல ஒட்டும், மண்ணில் வருஷக்கணக்கில் தாக்குப்பிடிக்கும், குடிநீரில் போடும் குளோரினுக்கு அசையாது. கொதிக்க வைத்தால் மட்டும் உடனே சாகும்.

விழுங்கியபின் குட்டிப்புழு குடலில் சும்மா இருப்பதில்லை. குடல்சுவரைத் துளைத்து ரத்தத்தில் கலந்து கல்லீரல், அங்கிருந்து நுரையீரல், தொண்டைக்கு ஏறி, சளியோடு மறுபடி விழுங்கப்பட்டு, அதன் பிறகுதான் குடலில் தங்கி வளர்கிறது. 1922இல் ஜப்பானில் கொய்னோ என்ற ஆய்வாளர் இதை நிரூபிக்க 2,000 முட்டைகளைத் தானே விழுங்கித் தன் சளியில் குட்டிப்புழுக்களைப் பிடித்துக் காட்டினார். காய்ச்சலும் இருமலுமாகப் படுத்தார் என்பதைச் சொல்லத் தேவையில்லை. விழுங்கிய நாளிலிருந்து முட்டையிடும் புழுவாக இரண்டு மூன்று மாதம் ஆகும். போன வாரம் சாப்பிட்ட ஹோட்டலைத் திட்டுபவர்கள் இந்தக் கணக்கை ஒருதரம் பார்க்கலாம். இன்னொன்று, இந்தப் புழு வயிற்றுக்குள் குட்டிபோட்டுப் பெருகாது. பத்துப் புழு வெளியே வந்தால் பத்து முட்டையாவது வாய்வழியாக உள்ளே போயிருக்கிறது.

வாய்க்கு வரும் வழிகளில் நம் சமையலறைக்கு நெருக்கமானது கீரையும் மல்லித்தழையும். கீரை வேகிறது, பிரச்சினை இல்லை. ரசத்தை இறக்கி வைத்து மேலே கிள்ளிப் போடும் கொத்தமல்லி வேகவில்லை. புதினாச் சட்னி, தயிர்ப் பச்சடிக்கு நறுக்கும் வெங்காயம், வெள்ளரி, கேரட் எதுவும் வேகவில்லை. கட்டுக்கீரையைச் சந்தைக்குக் கொண்டுவரும் முன் மண் போகட்டும் என்று வாய்க்காலிலோ குட்டையிலோ அலசிக் கொண்டுவருவது உண்டு. பார்க்கப் பளிச்சென்று இருப்பது அந்தத் தண்ணீரின் தயவு.

அலசுவதில் பலர் செய்யும் பிழை ஒன்று. கட்டைப் பிரிக்காமல் குழாயடியில் காட்டுவது, அல்லது பாத்திரத்தில் போட்டு அலசிவிட்டுக் கீரையோடு சேர்த்துத் தண்ணீரை வடிதட்டில் கவிழ்ப்பது. புழு முட்டை தண்ணீரைவிடக் கனம், அடியில் போய்ப் படியும். அப்படியே கவிழ்த்தால் அடி மண் முழுக்க மறுபடி கீரை மேல் விழுகிறது. வேரை வெட்டி எறிந்துவிட்டுக் கட்டைப் பிரித்து, அகலமான பாத்திரம் நிறையத் தண்ணீர் வைத்து, கீரையை முக்கிக் கையால் அலைத்து, இரண்டு நிமிடம் விட்டு, கீரையை மட்டும் மேலே அள்ளி வேறு பாத்திரத்துக்கு மாற்றுங்கள். பழைய தண்ணீரைக் கொட்டிப் பாத்திரத்தின் அடியை விரலால் தடவிப் பாருங்கள். நறநறவென்று மணல் தட்டாமல் போகும்வரை திரும்பச் செய்ய வேண்டும், மூன்று தடவை சாதாரணமாக ஆகும். உப்பு, மஞ்சள்தூள், வினிகர் போடுவதால் முட்டை சாகாது. கேரட், முள்ளங்கியைத் தேய்த்துக் கழுவித் தோல் சீவிய பிறகு மறுபடி ஒருமுறை கழுவுங்கள், ஏனென்றால் சீவும் கத்தி தோலில் இருந்ததை உள்ளே தடவிவிடும். சாட்டைப்புழுவும் ஏறக்குறைய இதே வழிதான், மண்ணில் இரண்டு நான்கு வாரம் காத்திருந்து வாய்வழி வருவது. அதற்குத் தனியாக ஒன்றும் செய்ய வேண்டியதில்லை.

கொக்கிப்புழு வேறு ஜாதி. வேலூர், திருவண்ணாமலை மாவட்டங்களில் ஜவ்வாது மலை உட்பட கிராமம் கிராமமாக நடந்த டீவார்ம்3 என்ற குடற்புழு ஆய்வில் அதிகம் கிடைத்தது உருளைப்புழு இல்லை, இதுதான். முட்டை ஒன்றிரண்டு நாளில் மண்ணில் பொரிந்து, ஐந்து முதல் பத்து நாளில் துளைக்கத் தயாரான குட்டியாகிறது. கண்ணுக்குத் தெரியாது. ஈரமான நிழல் மண்ணில் சில வாரம் உயிரோடு காத்திருந்து, வெறுங்கால் பட்டவுடன் விரலிடுக்கு வழியே நுழையும். நுழைந்த இடம் இரண்டு நாள் அரிக்கும், சேற்றுப்புண் என்று நினைத்து விட்டுவிடுவோம். இப்படித் தோல்வழி நுழைவதை முதலில் கவனித்தவர் எகிப்தில் வேலை பார்த்த லூஸ் என்ற ஜெர்மானியர். 1898இல் குட்டிப்புழு கலந்த தண்ணீர் கையில் சிந்தியது, அந்த இடம் அரித்துச் சிவந்தது, சில வாரங்களில் அவர் மலத்திலேயே முட்டை வந்தது.

வாழைத்தோப்பு, தேயிலைத் தோட்டம், வரப்போரப் புதர் எல்லாம் இதற்கு வாகான இடம்: நிழல், ஈரம், வெளிக்கு ஒதுங்கும் வழக்கம், அதே தடத்தில் மறுநாள் வெறுங்காலோடு வேலை. இலங்கை மலையகத் தோட்டங்களில் தமிழ்த் தொழிலாளர்களிடையே இது எவ்வளவு பரவியிருந்தது என்றால், 1916இலேயே அமெரிக்காவின் ராக்ஃபெல்லர் அறக்கட்டளை அங்கே தனி இயக்கம் தொடங்க வேண்டியிருந்தது. புழு ஒன்று ஒரு நாளைக்கு உறிஞ்சும் ரத்தம் சொற்பம், நம் பக்கம் அதிகமாக உள்ள வகைக்குச் சுமார் 0.03 மில்லி. நூறு புழு இருந்தால் நாளைக்கு 3 மில்லி, மாதம் 90 மில்லி. ஒரு மாதவிடாயில் சராசரியாகப் போவதைவிட இரண்டு மடங்கு இது. இரும்புச்சத்து மாத்திரை மாதக்கணக்கில் தின்றும் ஹீமோகுளோபின் ஏறாத பெண்களுக்கு மலச் சோதனை செய்து பார்க்கச் சொல்வது இதனால்தான். தடுப்பு எளிது: வயலுக்கும் கழிப்பறைக்கும் செருப்பு. வேலை செய்ய வசதியில்லை என்று கழற்றி வரப்பில் வைத்துவிட்டால் பயனில்லை, நெல்வயலில் அது நடக்காத காரியம் என்பதும் உண்மை. அதனால்தான் செருப்பைவிடக் கழிப்பறை முக்கியம்.

இப்போது தண்ணீர். உண்மையில் தண்ணீரில் வருபவை புழுக்களைவிட ஒற்றைச் செல் உயிரிகள்தான்: ஜியார்டியா, அமீபா, கிரிப்டோஸ்போரிடியம். வெளியே வரும்போது கெட்டித் தோடு போர்த்திக்கொண்டு வரும், சிஸ்ட் என்பார்கள். பத்து இருபத்தைந்து ஜியார்டியா சிஸ்ட் விழுங்கினாலே போதும், ஒரு வாரம் போல கழித்து முட்டைநாற்ற ஏப்பம், எண்ணெய் மிதக்கும் மலம், உப்புசம் என்று ஆரம்பிக்கும்.

குளோரினை நம்பலாமா என்றால், எதற்கு என்று கேட்க வேண்டும். மேல்நிலைத் தொட்டியில் 1,000 லிட்டருக்குச் சுமார் 2.5 கிராம் நல்ல பிளீச்சிங் பவுடரைக் கரைத்துத் தெளியவைத்து, தெளிந்த நீரை ஊற்றி ஒரு மணி நேரம் விட்டால் காலரா, டைபாய்டு கிருமிகள் சாகும். (டப்பாவைத் திறந்து மாதக்கணக்கானால் பவுடரின் வீரியம் போய்விடும், மூக்கைத் துளைக்கும் நெடி இல்லாவிட்டால் அது வெறும் சுண்ணாம்பு.) ஜியார்டியாவுக்கு அதே அளவில் முக்கால் மணி நேரத்துக்கு மேல் வேண்டும், தண்ணீர் குளிர்ந்திருந்தால் இன்னும் அதிகம். கிரிப்டோஸ்போரிடியம் அதே குளோரினில் பத்து நாள் உயிரோடு இருக்கும். 1993இல் அமெரிக்காவின் மில்வாக்கி நகரில் முறைப்படி குளோரின் கலந்த குடிநீரிலேயே அது பரவி, சுமார் 4 லட்சம் பேருக்கு வயிற்றுப்போக்கு வந்தது. வடிகட்டும் நிலையம் சரியாக வடிகட்டாததுதான் காரணம்.

கொதிக்க வைப்பதுதான் எல்லாவற்றையும் கொல்லும். தளதளவென்று கொதி வந்தபின் ஒரு நிமிடம் போதும், பத்து நிமிடம் எரித்து கேஸை வீணாக்க வேண்டாம். வெதுவெதுப்பானவுடன் இறக்கினால் கொதிக்கவைத்ததாகக் கணக்கில்லை. ஆர்.ஓ., சவ்வு கிழியாதவரை சிஸ்ட், முட்டை எதையும் விடாது. யு.வி. விளக்கு கலங்கலில்லாத தண்ணீரில் மட்டும் வேலை செய்யும். பீங்கான் கேண்டில் ஃபில்டர் மலிவு, சிஸ்ட்டை நன்றாகவே பிடிக்கும், ஆனால் தேய்த்துக் கழுவும்போது மயிரிழை விரிசல் விட்டால் அன்றோடு சரி, வெளியே தெரியவும் தெரியாது.

கருவி எதுவானாலும் தண்ணீர் கெடுவது அதற்குப் பிறகுதான். பிடித்த தண்ணீரை வாய் அகன்ற குடத்தில் ஊற்றி, தம்ளரை விரலோடு முக்கி மொள்ளும் வீட்டில் ஆர்.ஓ. இருந்தும் இல்லாததும் ஒன்று. குழாய் வைத்த பாத்திரம், இல்லாவிட்டால் நீளக் கைப்பிடி வைத்த கரண்டி. கேன் தண்ணீரைக் கவிழ்ப்பவர் கேனின் வாயை உள்ளங்கையால் பொத்திக் கவிழ்க்கிறாரா என்று ஒருநாள் நின்று பாருங்கள். வேலூரில் குழந்தைகளைத் தொடர்ந்து கவனித்த ஆய்வொன்றில், பாட்டில் தண்ணீர் கொடுக்கப்பட்ட பகுதியிலும் கிரிப்டோஸ்போரிடியம் தொற்று குறையவில்லை. தண்ணீரை மட்டும் சரிசெய்தால் போதாது, கை, தரை, பக்கத்துக் குழந்தை என்று மற்ற வழிகள் திறந்தே இருக்கின்றன.

குழாய்த் தண்ணீரில் சாக்கடை எப்படிக் கலக்கிறது என்பதைச் சொல்லாமல் விடக்கூடாது. நம் ஊர்களில் குடிநீர் நாள் முழுக்க வருவதில்லை. நின்றபின் குழாய் காலியாகிறது. சாக்கடையை ஒட்டிப் போகும் இடத்தில் இணைப்பு கசிந்தால், உள்ளே அழுத்தம் இல்லாத நேரத்தில் வெளியிலுள்ள அழுக்குத் தண்ணீர் உள்ளே இழுக்கப்படும். தெருக்குழாயில் மோட்டார் வைத்து உறிஞ்சினால் இது இன்னும் பலமாக நடக்கும். அதனால் விட்டவுடன் வரும் தண்ணீரை ஐந்து நிமிடமாவது பாத்திரம் கழுவப் பிடியுங்கள், குடிக்க வேண்டாம். தரைமட்ட சம்ப்பின் மூடி தரையிலிருந்து அரை அடியாவது உயர்ந்து இருக்க வேண்டும். செப்டிக் டேங்குக்குப் பக்கத்திலேயே சம்ப் கட்டிய வீடுகளில், மழைக்காலத்தில் தண்ணீர் லேசாக நாற்றமடித்தால் தயங்காமல் சம்ப்பைக் காலிசெய்து சுவரில் விரிசல் இருக்கிறதா என்று பாருங்கள்.

வெளிச் சாப்பாட்டில் சூடாக வருவதைப் பற்றிக் கவலை வேண்டாம். தோசைக்கல்லில் எந்தச் சிஸ்ட்டும் பிழைக்காது. கவனிக்க வேண்டியவை ஓரத்தில் இருப்பவை: நான்கு தம்ளரை உள்ளே விரல்விட்டுக் கொத்தாகத் தூக்கிவரும் கை, வாழையிலை மேல் தெளிக்கும் தண்ணீர், தயாரித்து மூன்று மணி நேரம் திறந்துகிடக்கும் தேங்காய்ச் சட்னி, கையை முக்கி எடுக்கும் பானிபூரித் தண்ணீர், மோரிலும் கரும்புச்சாற்றிலும் உடைத்துப்போடும் பாளம் ஐஸ். ஐஸில் உறைந்தால் சிஸ்ட் செத்துவிடும் என்று நம்ப முடியாது. அமீபா உள்ளவருக்குப் பெரும்பாலும் வயிற்றுப்போக்கே இருக்காது, நன்றாக வேலைபார்த்துக்கொண்டு தினமும் சிஸ்ட்டை வெளியேற்றிக்கொண்டிருப்பார், அவர் சமையல்காரராக இருந்தால் அதுதான் ஆபத்து. அமீபா கல்லீரலுக்குப் போய்ச் சீழ்க்கட்டி வைப்பதும் உண்டு. யாழ்ப்பாணத்தில் இந்தக் கட்டி கள் குடிக்கும் ஆண்களிடம் அதிகம் காணப்படுவதாக ஆய்வுகள் சொல்கின்றன. விலாவின் வலப்பக்கம் வலியும் காய்ச்சலும் சேர்ந்தால் அன்றே ஸ்கேன் எடுக்க வேண்டும்.

முட்டைக்கோஸ் தின்றால் மூளையில் புழு என்ற பேச்சுக்கும் இங்கே ஒரு வார்த்தை. பன்றி நாடாப்புழுவுக்கு இரண்டு முகம். சரியாக வேகாத பன்றிக்கறியில் அரிசிமணி போலத் தெரியும் கட்டியை விழுங்கினால் குடலில் நாடாப்புழு வளரும், மூளைக்குப் போகாது. அந்த நாடாப்புழு உள்ள மனிதரின் மலத்திலுள்ள முட்டையை இன்னொருவரோ, கை சுத்தமில்லாமல் அவரேயோ விழுங்கினால்தான் அது மூளைக்குப் போய்க் கட்டியாகி வலிப்பு வரவைக்கும். ஆகவே பன்றிக்கறியைத் தொடாத சைவருக்கும் மூளைக்கட்டி வரும். முட்டைக்கோஸ் செய்த பாவம், சாக்கடைத் தண்ணீரில் வளர்ந்தது மட்டுமே, வேகவைத்த கோஸில் ஒன்றுமில்லை. வேலூர் மாவட்டத்தில் வலிப்புள்ளவர்களைச் சோதித்தபோது ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு இதுதான் காரணம் என்று தெரிந்தது. காய்கறியைவிட, வீட்டில் சமைப்பவருக்கே நாடாப்புழு இருந்து கைவழி பரவுவதுதான் அதிகம் சந்தேகிக்க வேண்டியது.

கைக்கு வருவோம். கையால் பிசைந்து சாப்பிடும் நமக்கு நகம்தான் கரண்டியின் நுனி. சோப்புப் போட்டு 20 விநாடி, விரலிடுக்கும் நகக்கண்ணும் சேர்த்து, ஓடும் தண்ணீரில். சானிடைசர் பல வைரஸ்களைக் கொல்லும், சிஸ்ட்டும் முட்டையும் அதற்கு அடங்காது. தேய்த்துக் கழுவி விழவைப்பதுதான் வழி. கைக்குழந்தையின் மலம் தீங்கற்றது என்று கழுவிய தண்ணீரை முற்றத்தில் ஊற்றுவதும், டயப்பரைச் சுருட்டிக் குப்பைமேட்டில் எறிவதும் சரியில்லை. பெரியவர்களுடையதைவிடச் சின்னப் பிள்ளைகளின் மலத்தில்தான் முட்டையும் சிஸ்ட்டும் அதிகம் இருக்க வாய்ப்பு.

கழிப்பறை கட்டிவிட்டால் முடிந்தது என்பதும் இல்லை. இரட்டைக்குழிக் கழிப்பறையில் நிரம்பிய குழியை மூடி ஒன்றரை இரண்டு வருஷம் விட்டால்தான் உள்ளே முட்டை செத்து எருவாகும். ஆறு மாதத்தில் அள்ளி வயலில் போட்டால் உருளைப்புழுவை நாமே விதைக்கிறோம்.

மாத்திரை பற்றி. 2015இலிருந்து பிப்ரவரி 10, ஆகஸ்ட் 10 தேதிகளை ஒட்டி தேசிய குடற்புழு நீக்க நாளில் 1 முதல் 19 வயது வரை இலவசமாக அல்பெண்டசோல் தருகிறார்கள். தமிழ்நாட்டில் 20 முதல் 30 வயதுப் பெண்களுக்கும், கர்ப்பிணி, பாலூட்டுபவர் தவிர, உண்டு. இரண்டு வயது வரை 200 மில்லிகிராம், அதற்கு மேல் 400. சின்னக் குழந்தைக்குப் பொடித்துத் தண்ணீரில் கலந்து, பெரியவர்கள் மென்று விழுங்க வேண்டும். ஒரே வேளை மருந்து உருளைப்புழுவை 95 சதவீதம் பேரிடம் ஒழிக்கிறது, கொக்கிப்புழுவைச் சுமார் 80 சதவீதம், சாட்டைப்புழுவை 30 சதவீதம்தான். ஜியார்டியாவுக்கும் அமீபாவுக்கும் அந்த ஒரு மாத்திரை உதவாது, அவற்றுக்கு மெட்ரோனிடசோல், டினிடசோல் வகை மருந்துகளை மருத்துவர் எழுதித்தர வேண்டும். அமீபாவுக்கு அது முடிந்தபின் குடலில் மிச்சமிருக்கும் சிஸ்ட்டுக்கு இன்னொரு மருந்தும் உண்டு. அதை விட்டுவிட்டால் நோயாளி குணமானபிறகும் பரப்பிக்கொண்டே இருப்பார். மாத்திரை கொடுத்த ஊர்களை மறுபடி சோதித்த ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்ததில், ஓராண்டில் உருளைப்புழு பழைய அளவின் 94 சதவீதத்துக்குத் திரும்பியிருந்தது. மருந்து தோற்கவில்லை, மண் மாறவில்லை.

வேப்பங்கொழுந்து, சுண்டைவற்றல், பப்பாளி விதை இவை உணவாக இருக்கட்டும், மருந்துக்குப் பதிலாக வேண்டாம். மாதம் ஒருமுறை விளக்கெண்ணெய் கொடுத்துக் குடலைக் கழுவும் பழைய வழக்கம், குடல்சுவரைக் கவ்வியிருக்கும் கொக்கிப்புழுவை அசைக்காது, சின்னக் குழந்தைக்கு உடல்நீர் வற்றிப்போகும் ஆபத்து மட்டும் உண்டு.

மலச் சோதனை கொடுக்கும்போது, காய்ந்த சுத்தமான டப்பாவில், சிறுநீரும் கழுவிய தண்ணீரும் கலக்காமல், நெல்லிக்காய் அளவு போதும். கழிவறைப் பீங்கானிலிருந்து சுரண்டி எடுக்க வேண்டாம். தண்ணீராகப் போகிறது, சீதமோ ரத்தமோ இருக்கிறது என்றால் அரைமணி நேரத்துக்குள் ஆய்வகத்துக்குப் போக வேண்டும், தாமதித்தால் அசையும் அமீபா செத்து அடையாளம் தெரியாமல் போய்விடும். ஒரு நாள் மாதிரியில் தப்பியது மறுநாள் கிடைக்கலாம், அதனால் வெவ்வேறு நாளில் மூன்று மாதிரி. ‘அமீபா சிஸ்ட்’ என்று வந்தாலும் பதற வேண்டாம், நுண்ணோக்கியில் அதே போலவே தெரியும் தீங்கற்ற ஒரு வகையும் இருக்கிறது. தொந்தரவு ஏதும் இல்லாவிட்டால் மருத்துவர் மறுசோதனை கேட்கலாம். வயிறு உப்பி வாந்தி நிற்காமல் எடுப்பது, குழந்தைக்கு வலிப்பு, இரண்டு வாரம் தாண்டிய வயிற்றுப்போக்கு, மலத்தில் ரத்தம் என்று எது இருந்தாலும் வீட்டு மாத்திரையோடு நிறுத்தக்கூடாது. உங்கள் பையனுக்கு இப்போதைக்கு இதெல்லாம் வேண்டாம். இன்றிரவு பதினொரு மணிக்கு ஒரு டார்ச் போதும்.